உச்சியிலிருந்து காணும் உரிமை

மலைச் சிகரத்தின்மேல் நின்று, கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் பூமியைக் கண்டு களிக்கும் வழக்கத்தை உலகத்திற்குக் கற்பித்தவர் ஐரோப்பியரே என்னும் கொள்கை, ஆங்கிலக் கல்வி பயின்ற நம்மவருள் பலரிடம் இன்றும் வேரூன்றியிருக்கிறது. சிகரமென்றால் ஆல்ப்ஸ் மலைச் சிகரம். காட்சியென்றால் ஸ்விட்ஸர்லாந்துக் காட்சி. 1336-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 26-ந் தேதி பெட்ரார்க் என்னும் இத்தாலியக் கவிஞர், உச்சியிலிருந்து பார்க்கவேண்டுமென்ற ஆசையொன்றினாலேயே பிரான்ஸ் தேசத்தின் தென்பாகத்திலுள்ள வாந்தூ மலைமீது ஏறினார் என்பதும், 1786-ல் பால்மா, பக்கார் என்னும் இருவர் ஆல்ப்ஸின் தலைச் சிகரமாகிய மோன் பிளாங்க் உச்சியில் முதன்முதல் கால் வைத்தனர் என்பதும், 1871-ல் ரிகி மலைமேல் ஐரோப்பாவின் முதல் மலை ரெயில் ஓடத் தொடங்கிற்று என்பதும் நமது கல்லூரி மாணவர் பலருக்குத் தெரிந்த செய்திகள். அவற்றை அறிந்திருப்பது நன்றே. ஆனால் நமது வாசற்படியில் நிற்கும் சிகரத்தின் சரித்திரத்தை அறியாதிருப்பது எவ்வகையில் கல்வியாகும்?

நாம் கருதுவது திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையை. ஜெயங்கொண்டத்தாராகிய நாம் அதை நமதென்று உரிமை பாராட்டுவதற்குக் காரணம் உண்டு. 1995-ல் பெரம்பலூர் தனி ஜில்லாவாகப் பிரியும் வரையில் நமது பகுதி முழுவதும் திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலேயே அடங்கியிருந்தது. அன்றியும், நாம் மலையற்ற சமபூமியில் வாழ்பவர்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் இராஜேந்திர சோழன் எழுப்பிய விமானம் ஒன்றே நமது பக்கத்துக்குச் சிகரம். எல்லாவற்றிற்கும் மேலாக, மலைக்கோட்டை உச்சியில் நிற்பவன் வடக்கே காணும் கொள்ளிடமே கிழக்கு நோக்கி ஓடிவந்து நமது தென்னெல்லையாக அமைகிறது. அங்கே நின்று பார்ப்பவன் நமது வயலுக்கு வரும் நீரின் வழியைப் பார்க்கிறான். ஆகவே அச்சிகரத்தின் காட்சி நமக்கு அயலான விஷயமன்று.

உயரத்தைக் கொண்டு மதிப்பிடுவோர் நகைக்கக்கூடும். மோன் பிளாங்க் 4,800 மீட்டருக்கு மேற்பட்டது. நமது பாறையோ தரையிலிருந்து ஏறக்குறைய 83 மீட்டரே. நானூற்றுக்குச் சற்று மேற்பட்ட படிகளில் ஒரு கிழவியும் இளைப்பாறி இளைப்பாறி உச்சிப் பிள்ளையாரை அடைந்துவிடுகிறாள். வயதை நோக்கினாலோ முறை தலைகீழாகும். ஆல்ப்ஸும் இமயமும் மலைகளாக எழுவதற்கு எத்தனையோ கோடி வருஷங்களுக்கு முன்னரே இப்பாறை உருவாகிவிட்டது. ஆயினும் உயரமும் வயதும் ஒரு சிகரத்தின் பெருமைக்கு முடிவான அளவைகளாகா. அதன்மேல் நின்ற மனிதன் எதைக் கண்டான், கண்டதைக்கொண்டு என்ன செய்தான் என்பதே அளவை. அவ்வளவையால் நோக்கின், நமது சிறு பாறைக்கு நிகரான சிகரங்கள் உலகில் மிகச் சிலவே.

உச்சிக்குப் போகும் வழியில், பாறையைக் குடைந்து செய்த ஒரு குகைக்கோயில் இருக்கிறது. பிள்ளையாரைத் தரிசிக்கும் அவசரத்தில் பெரும்பாலோர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயில் அது. லளிதாங்குரன் என்னும் அவனது விருதுப் பெயரால் லளிதாங்குர பல்லவேசுவர கிருகம் என வழங்குவது. உள்ளே கங்கையைச் சடையில் ஏற்கும் சிவபெருமானின் திருவுருவம் பெரிய அளவில் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் இருபுறமும் உள்ள தூண்களில் கிரந்த எழுத்தில் வடமொழிச் செய்யுட்கள் வெட்டப்பட்டுள்ளன. ஹுல்ட்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் இவற்றைப் படித்து, 1890-ல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியின் முதற் பாகத்தில் பதிப்பித்தார்.

அச்சாசனத்தின் பொருளை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பூமியிலே கட்டிய கோயிலில் இருந்துகொண்டு சோழருடைய நாட்டின் வளத்தையும் காவேரி நதியையும் தாம் எவ்வாறு காண்பது என்று சிவபெருமான் அரசனை வினவினாராம். அதற்கு விடையாகவே அரசன் இம்மலைக் கோயிலை அவருக்குச் சமர்ப்பித்தானாம். மற்றொரு செய்யுளில் மேலும் ஒரு நயம் உண்டு. சோலைகளையே மாலையாக அணிந்து, கண்ணுக்கினிய நீரோடு செல்லும் காவேரியைக் கண்டால், நதிகளிடம் ஏற்கெனவே பிரியம் கொண்ட பெருமான் அவளிடமும் மனத்தைப் பறிகொடுத்துவிடுவாரோ என்று பார்வதி தேவி அஞ்சினாளாம். ஆகவே தன் தந்தையாகிய இமவானின் வீட்டைவிட்டு இங்கேயே நிரந்தரமாகத் தங்கி, இந்நதி பல்லவனுடைய காதலி என்று சொல்லி வருகிறாளாம்.

கோயில் எடுப்பித்ததற்குப் புண்ணியத்தைக் காரணமாகக் கூறும் சாசனங்கள் நம் நாட்டில் ஆயிரக்கணக்கில் உண்டு. வெற்றியைக் காரணமாகக் கூறுவனவும் உண்டு. உச்சியிலிருந்து காணும் காட்சியையே காரணமாகக் கூறும் சாசனம் இது. பெட்ரார்க் வாந்தூ மலையேறியதற்கு எழுநூறு வருஷங்களுக்கு முன்னரே, திருச்சிராப்பள்ளிப் பாறைமேல் நின்று கீழே நோக்கிய ஒருவன், இக்காட்சி மனிதனுக்கு மட்டும் போதாது, தெய்வத்திற்கும் வேண்டும் என்று எண்ணினான். இன்னுமொரு வேற்றுமையையும் நாம் காண்கிறோம். பெட்ரார்க் உச்சியை அடைந்ததும், கையோடு கொண்டுபோயிருந்த அகஸ்டின் முனிவரின் நூலைத் திறந்து, மலைகளைக் கண்டு வியக்கும் மனிதர் தம்மைத் தாம் மறந்துவிடுகின்றனர் என்ற கருத்தைப் படித்து, வெட்கி மௌனமாக இறங்கினார் என்று அவரே எழுதியிருக்கிறார். பல்லவனுடைய சிவபெருமானுக்கு அத்தகைய வெட்கம் கிடையாது. நாட்டையும் நதியையும் பார்த்துக்கொண்டிருப்பதே அவருக்கு வேலை.

இப்பாறையைப்பற்றிய ஐதிகங்களும் நதியை விட்டு விலகுவதில்லை. விபீஷணன் கொண்டுசென்ற ரங்கநாதரின் திருமேனியைக் காவேரிக் கரையில் இறக்கி வைத்துவிட்டு ஓடிய பிரமசாரிப் பிள்ளை, ஏறி அமர்ந்த இடமே உச்சிப் பிள்ளையார் கோயில் என்பர். பூம்புகாரிலிருந்து புறப்பட்ட தாய், காவேரி வெள்ளத்தால் கரையில் தடைப்பட்டு நிற்க, பிரசவ வேதனையிலிருந்த மகளுக்குச் சிவபெருமானே தாயாக வந்து உதவியதால் தாயுமானவர் ஆனார் என்பர். சாசனத்தை எழுதிய வடமொழிப் புலவரும், கதை சொல்லும் நமது பாட்டிமாரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். காவேரி இல்லாமல் இம்மலைக்குச் சரித்திரம் இல்லை.

இனி அக்காட்சியைச் சற்று நோக்குவோம். உச்சியில் வடக்கு முகமாக நின்றால் முதலில் காவேரி. அதற்கப்பால் தென்னந்தோப்புகளின் நடுவே திருவானைக்காவும் ஸ்ரீரங்கமும். ஸ்ரீரங்கத்தில் 1987-ல் பூர்த்தியான, 236 அடி உயரமுள்ள இராஜகோபுரம். தீவுக்கு அப்பால் கொள்ளிடத்தின் அகன்ற மணற்பரப்பு. வானம் தெளிந்த நாட்களில் தொலைவில் கொல்லிமலையும் பச்சைமலையும் நீலக்கோடுகளாகத் தெரியும். மேற்கே பழைய சோழர் தலைநகராகிய உறையூர். அதற்கும் அப்பால், காவேரியினின்று கொள்ளிடம் பிரியும் முக்கொம்பின் திசை. கிழக்கே திருவெறும்பூர்க் குன்றும், கல்லணையை நோக்கிச் செல்லும் பசுமையும். தெற்கே பொன்மலையும், 1928-ல் அங்கே தொடங்கப்பெற்ற இரயில்வே தொழிற்சாலையும். காலடியில் நெருங்கிக் கிடக்கும் நகரத்திலோ தெப்பக்குளமும், லூர்து மாதா கோயிலின் கூர்ங்கோபுரமும், நத்தர்வலி தர்க்காவும் ஒரே பார்வைக்குள் அடங்குகின்றன. தேசமென்பது யாது என்று கேட்கும் சிறுவனுக்குப் பாடபுத்தகத்தைக் காட்டுவதைவிட இவ்வுச்சியில் நிறுத்திக் காட்டுவது மேல்.

காட்சியின்பால் ஆசை கொண்டவர் எல்லோரும் பல்லவனைப்போல் ரசிகராக இருந்துவிடவில்லை. உயரமான இடத்திலிருந்து பார்ப்பவன் ஆளவும் விரும்புகிறான். பதினாறாம் நூற்றாண்டில் நாயக்க மன்னர் இப்பாறையைச் சுற்றிக் கோட்டையை வலுப்படுத்தினர். அடுத்த நூற்றாண்டில் மதுரையை விட்டு இங்கேயே தலைநகரை மாற்றிக்கொண்டனர். 1741-ல் மராட்டியர் பிடித்தனர். 1751-ல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும், இங்கிலீஷ் கம்பெனியாரின் உதவியை நம்பியிருந்த முகம்மதலியை இக்கோட்டைக்குள் வைத்து முற்றுகையிட்டனர். கிளைவ் ஆற்காட்டின்மேல் பாய்ந்தது இம்முற்றுகையைத் தளர்த்தும் பொருட்டே. ஸ்ரீரங்கத்துப் பிராகாரங்கள் அந்நியச் சேனைக்குப் பாசறையாயின. 1752 ஜூன் மாதத்தில் பிரெஞ்சுச் சேனை அங்கேயே சரணடைந்தது. சந்தா சாகிபு தலையிழந்தார். தென்னாடு யாருக்கு என்ற வழக்கு, காவேரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட அச்சிறு தீவில், இப்பாறையின் பார்வைக்குள்ளேயே தீர்ப்பாயிற்று. வாதி, பிரதிவாதி இருவரும் கடல் கடந்து வந்தவர். சொத்துக்கு உடையவரோ வழக்கில் சேர்க்கப்படவே இல்லை.

சேர்க்கப்படாதவர் அடுத்த ஐம்பது வருஷத்திற்குள் தாமாகவே வந்து மனுத் தாக்கல் செய்தனர். 1801 ஜூன் 16-ந் தேதி சின்ன மருது வெளியிட்ட ஜம்புத்தீவப் பிரகடனம் திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. இந்நாட்டின் எல்லா ஜாதியாரையும் மதத்தாரையும் ஒருங்கே அழைத்து, அந்நியரை வெளியேற்ற வேண்டும் என்றது அப்பத்திரம். அதே வருஷம் அக்டோபர் 24-ந் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். பத்திரம் கிழிந்துபோயிற்று, கோரிக்கை கிழியவில்லை. 1930 ஏப்ரல் 13-ந் தேதி இராஜாஜியின் தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் வேதாரணியத்துக்கு உப்புச் சத்தியாக்கிரக யாத்திரை புறப்பட்டது இந்நகரத்திலிருந்தே. கடல்வரை நடந்த அவர்களுக்குக் காவேரி நாட்டு ஜனங்கள் சோறிட்டார்கள். உணவளிப்போரைச் சர்க்கார் தண்டிக்கும் என்று தெரிந்தே இட்டார்கள். உச்சியில் பீரங்கி வைத்தவர் பெற்ற ஆட்சி போயிற்று. அடிவாரத்திலிருந்து நடந்தவர் கேட்ட சுயராஜ்யம் வந்தது.

சுயராஜ்யம் வந்தபின் உச்சியிலிருந்து காணும் உரிமை யாருடையது? நாம் வக்கீல் தொழில் செய்பவராதலால் இக்கேள்வியைச் சட்டத்தின் முன் வைத்துப் பார்க்கிறோம். இங்கிலாந்தில் 1610-ல் தீர்ப்பான ஆல்ட்ரெட் வழக்கில் நீதிபதிகள் ஒரு கொள்கை கூறினர். வெளிச்சமும் காற்றும் வீட்டுக்கு அவசியமானவை. அவற்றைத் தடுப்பவன்மீது வழக்குத் தொடுக்கலாம். நல்ல காட்சியோ மகிழ்ச்சிக்கு மட்டுமே உரியது. அதைத் தடுத்தால் வழக்கில்லை. நானூறு வருஷங்களாக ஆங்கிலச் சட்டம் அந்நிலையிலேயே நின்றிருக்கிறது. மகேந்திரவர்மனுடைய சாசனம் இதற்கு நேர்மாறான சட்டம். காட்சி ஓர் உரிமை. அதுவும் தெய்வத்தின் உரிமை. அதை அளிப்பது அரசனுடைய கடமை என்பது அதன் தாத்பரியம். கல்லில் வெட்டிய அத்தானத்தை யாரும் ரத்து செய்யவில்லை.

நமது பார்லிமெண்டின் சட்டம் பாதி வழி வந்திருக்கிறது. பல்லவன் குகை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. புராதனச் சின்னங்களைப்பற்றிய 1958-ஆம் வருஷத்துச் சட்டத்திற்கு 2010-ல் செய்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரையில் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரையில் அனுமதி பெற்றே கட்டவேண்டும். நல்ல சட்டமே. ஆனால் 300 மீட்டரோடு அச்சட்டத்தின் கண்பார்வை மங்கிவிடுகிறது. கோயிலோ, அதற்கப்பால் ஓடும் நதியைக் காண்பதற்காகக் குடையப்பட்டது. கண்ணைப் பாதுகாத்து, காணப்படும் பொருளை அழியவிடுவது என்ன பாதுகாப்பு?

அழிவு என்று சொல்வது மிகையன்று. 2018 ஆகஸ்டு மாதத்தில் காவேரியில் பெருவெள்ளம் வந்தபோது, 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதே மாதம் 22-ந் தேதி முக்கொம்பில், 1836-ல் கட்டப்பெற்ற மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தோடு போயின. மணலை அளவின்றி அள்ளியதால் ஆற்றின் படுகை தாழ்ந்து அஸ்திவாரங்கள் வலுவிழந்தன என்று விவசாயிகள் முறையிட்டனர். மணல் ஆற்றுக்கு அலங்காரமன்று. வெள்ளத்தின் வேகத்தைத் தணிப்பதும், நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்திருந்து இருகரைக் கிணறுகளுக்கும் கோடையில் ஊட்டுவதும் அதுவே. படுகை தாழ்ந்தால் வாய்க்காலின் தலைமதகு உயரத்தில் நின்றுவிடும். ஆற்றில் நீர் ஓடியும் வயலுக்கு ஏறாது. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மணலைச் சில வருஷங்களில் லாரியேற்றிவிட்டு, அதன்பின் புது அணைக்குக் கோடிகளைச் செலவிடுவது எந்தப் பொருளாதார நூலில் கண்ட சிக்கனம்?

காவேரி நீருக்காகத் தமிழ்நாடு பல்லாண்டுகள் வழக்காடியிருக்கிறது. 2007-ல் நடுவர் மன்றம் கர்நாடகம் விடவேண்டிய நீரை 192 டி.எம்.சி. என்று வகுத்தது, 2018 பிப்ரவரி 16-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. குறைந்த ஒவ்வொரு டி.எம்.சி.க்கும் நாம் வருந்தினோம், வருந்தியது நியாயமே. ஆனால் அண்டை ராஜ்யத்தாரிடம் நீருக்கு வாதாடும் நாம், நமது எல்லைக்குள் அந்நீர் தங்குவதற்குரிய படுகையைக் காக்காவிட்டால், நமது வாதத்தை நாமே பலவீனப்படுத்துகிறோம். டில்லிக்கு அனுப்பும் மனுவின் முதற்பிரதியை நமது தாலூகா கச்சேரியில் கொடுக்கவேண்டும்.

ஜெயங்கொண்டத்தார்க்கு இவ்விஷயம் கசப்பான பரம்பரைச் சொத்து. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிற்கற்களைக் கம்பெனிச் சர்க்கார் பெயர்த்தெடுத்துச் சென்றது. ஏழைக் குடிகள் தம்மாலான மட்டும் தடுத்தார்கள் என்றும், அதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள் என்றும், கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதிலாவது கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் நிறைவேற்றப்படவில்லை என்றும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பெற்ற குறிப்பு ஒன்று கூறுகிறது. அக்கீழணையிலிருந்து வடவாற்றின் வழியாக வீராணம் ஏரிக்கு நீர் செல்கிறது. வீராணத்திலிருந்து 2004 முதல் சென்னை நகரத்துக்குக் குடிநீர் செல்கிறது. அணையின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் நேயர்கள் இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். அன்று நமது ஊரில், ஆற்றுக்கென்று கோயிலின் கல்லை எடுத்தார்கள். இன்று திருச்சிராப்பள்ளியில், கோயில் பத்திரமாக நிற்க, ஆற்றின் மணலை எடுக்கிறார்கள். அன்று எடுத்தவன் அந்நியன். எதிர்த்தவர் பெயரற்ற குடிகள். இன்று எடுப்பவன் யார், பார்த்துக்கொண்டிருப்பவர் யார் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே நாம் கோருவன மூன்று. முதலாவது, பல்லவன் சாசனத்தின் பொருள், படியேறும் ஒவ்வொருவருக்கும் விளங்கும்படி எளிய தமிழில் குகையின் அருகே பெரிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஹுல்ட்ஷ் படித்து வெளியிட்டு 130 வருஷங்களுக்கு மேலாயின. படித்தவர் சிலரின் புத்தக அலமாரியில் மட்டும் அது வாழ்வது போதாது. இரண்டாவது, காவேரிக் கரை ஜில்லாக்களின் பள்ளிப் பிள்ளைகளை வருஷத்துக்கு ஒருமுறையேனும் உச்சிக்கு அழைத்துச் சென்று, முக்கொம்பு எந்தத் திசை, கல்லணை எந்தத் திசை, தங்கள் ஊருக்குத் தண்ணீர் எவ்வழியாக வருகிறது என்று ஆசிரியர்கள் காட்டவேண்டும். மூன்றாவது, உச்சியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் காவேரி, கொள்ளிடப் படுகை முழுவதையும் அச்சின்னத்தின் ஒரு பாகமாகவே சர்க்கார் கருதி, அங்கே மணலெடுப்பதை அறவே விலக்கவேண்டும். கோயிலின் சிற்பத்தைச் செதுக்கி எடுப்பவனுக்கு என்ன தண்டனையோ, அதுவே அப்படுகையைத் தோண்டுபவனுக்கும் ஆகட்டும்.

சர்க்கார் செய்வதற்கு முன் நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. தேசத் தொண்டர்கள் கூட்டம் போடுகிறார்கள், தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள், கலைகிறார்கள். அடுத்த முறை திருச்சிராப்பள்ளிக்குப் போகிறவர்கள், கூட்டத்துக்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி மலையேறட்டும். குகையின் முன் நின்று, அச்சாசனத்தில் கண்ட இறைவனின் கேள்வியை ஒருமுறை நினைவு கூர்ந்து, பின் வடக்கே திரும்பிப் பார்க்கட்டும். சோழ நாட்டையும் காவேரியையும் எப்படிக் காண்பது என்று அன்று அவர் கேட்டதற்கு அரசன் ஒரு மலையைக் கொடுத்து விடையளித்தான். இன்று அதே கேள்வி குடிகளை நோக்கிக் கேட்கப்படுகிறது. மலை இருக்கிறது. கொடுக்கவேண்டியது நதி.